எம்.இ. படிக்காமல் நேரே பிஎச்.டி.க்கு அமெரிக்கா போகலாமா?

கேள்வி, 14 ஆகஸ்ட் 2024

அண்ணே, நான் மதுரையில் மெக்கானிக்கல் கடைசி வருடம். ஊர் அலங்காநல்லூர் பக்கம். சி.ஜி.பி.ஏ. 8.1. ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடம் ரொம்பப் பிடிக்கும். ஆராய்ச்சி பண்ண வேண்டும் என்று ஆசை. கன்சல்டன்சியில் கேட்டால் எம்.எஸ். போங்கள், நாற்பது லட்சம் லோன் போட்டுக்கொள்ளலாம், வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்கிறார்கள். அப்பாவுக்கு இருப்பது ஒரு வீடும் ஒன்றரை ஏக்கரும்தான். எம்.இ. முடிக்காமல் நேரே பிஎச்.டி. கிடைக்குமா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

14 ஆகஸ்ட் 2024, இரவு

கிடைக்கும். நான் அப்படித்தான் போனேன். 2013 ஆகஸ்டில் போய் 2019இல் திரும்பினேன். இப்போது மதுரையிலேயே ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன்.

அங்கே பொறியியலில் பி.இ. முடித்தவரை நேரடியாக பிஎச்.டி.க்கு எடுப்பது வழக்கம்தான். எடுத்தால் பெரும்பாலும் ஆர்.ஏ. அல்லது டி.ஏ. வேலையோடு எடுப்பார்கள். ஆர்.ஏ. என்றால் பேராசிரியரின் புராஜெக்டில் ஆராய்ச்சி, டி.ஏ. என்றால் இளங்கலை மாணவர்களுக்கு லேப் நடத்துவதும் விடைத்தாள் திருத்துவதும். இரண்டிலும் படிப்புக் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் சம்பளம், பெரும்பாலும் மருத்துவக் காப்பீடும் உண்டு. எனக்கு முதல் வருடம் மாதம் 1,800 டாலர் வந்தது. ஒரே அறையில் இரண்டு பேர், சொந்தச் சமையல். வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வாங்கவில்லை.

பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

15 ஆகஸ்ட் 2024

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன். லீவு நாள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரேங்க் பட்டியலைப் பார்த்து விண்ணப்பம் போடாதீர்கள். நீங்கள் ஐந்து, ஆறு வருடம் இருக்கப் போவது ஓர் அறைக்குள், ஒரு கைடுக்குக் கீழ், ஐந்தாறு பேரோடு. அந்த அறை எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. என் பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கொதிக்கும் தண்ணீர் சூட்டை எப்படி வாங்கிச் செல்கிறது என்பது பற்றி அந்த லேப் எழுதும் கட்டுரைக்காக ஜப்பானிலும் காத்திருப்பார்கள்.

பேராசிரியரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் கூச்சப்படாமல் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள். என்னை எந்த புராஜெக்ட் பணத்தில் வைக்கப் போகிறீர்கள்? அது எந்த வருடம் முடிகிறது? என்.எஸ்.எஃப். (அங்குள்ள அரசு அறிவியல் நிதி அமைப்பு) பணம் பெரும்பாலும் மூன்று வருடத்துக்குத்தான் வரும், நம் படிப்போ ஐந்து வருடம். மீதி இரண்டு வருடத்துக்கு என்ன ஏற்பாடு? உங்களிடம் முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்?

இன்னொன்றை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ராணுவத் தொடர்புள்ள சில புராஜெக்டுகளில், தொழில்நுட்பம் வெளிநாட்டவர் கைக்குப் போகாமல் தடுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் உண்டு. அந்தப் பணத்தில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க முடியாது, சில வரைபடங்களைக் காட்டக்கூட முடியாது. ஒரு லேபில் பாதிப் பணம் அப்படி வருகிறதென்றால் நமக்குரிய இடமும் பாதிதான்.

பேராசிரியரிடம் கேட்டதோடு நிறுத்தாமல், அங்கே இப்போது படிக்கிற மாணவர் இரண்டு பேருக்குத் தனியாக எழுதுங்கள். ஒருவர் இந்தியராகவும் மற்றவர் வேறு நாட்டவராகவும் இருக்கட்டும். மெயிலில் பட்டும் படாமல்தான் எழுதுவார்கள். "போனில் பேசலாமா?" என்று கேளுங்கள், போனில் உண்மை வரும்.

17 ஆகஸ்ட் 2024

செலவுக் கணக்கு கேட்ட ஒருவருக்கு செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 200 டாலர், விசா கட்டணம் 160 என்று பதில் போட்டிருந்தேன். அது என் காலத்துக் கணக்கு, தப்பு. செவிஸ் 2019 ஜூனிலிருந்து 350. விசா கட்டணம் 2023 ஜூனிலிருந்து 185. ஜி.ஆர்.ஈ. நுழைவுத் தேர்வும் மாறிவிட்டது, இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதைக் கேட்காத துறைகளும் நிறைய இருக்கின்றன, ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

2 செப்டம்பர் 2024

"8.1க்கெல்லாம் யார் கொடுப்பா, ஐ.ஐ.டி. பசங்களுக்கே இடம் இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தங்கச்சி, அதைப் படித்துவிட்டு நீங்கள் ஒரு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். என்னுடைய சி.ஜி.பி.ஏ. 7.9. என் கைடு என்னை எடுத்ததற்கு அவரே சொன்ன காரணம் வேறு.

அப்பா கப்பலூர் சிட்கோவில் லேத் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் என்னை ஷெட்டுக்குக் கூட்டிப் போவார். எமரி பேப்பர் போடுவதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். முதல் பேப்பரை ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அடுத்த நைஸ் பேப்பரை அதற்குக் குறுக்கே தேய்க்க வேண்டும், முந்தைய கோடு ஒன்றுகூடக் கண்ணில் படாத வரைக்கும். அப்புறம் மறுபடி திசை மாற்ற வேண்டும். பாதியில் நிறுத்தினால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், பீஸை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுவார். கோடு தெரியும்.

நான் விண்ணப்பத்தில் இதை இரண்டு வரி எழுதியிருந்தேன். தண்ணீர் கொதிப்பது பற்றிய ஆராய்ச்சியில் செம்புப் பரப்பை எவ்வளவு வழவழப்பாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் குமிழி எங்கே, எப்போது பிறக்கும் என்பது அமையும். "உனக்குக் கையில் வேலை தெரியும் என்று எழுதியிருந்தாய், அதற்காகத்தான் எடுத்தேன்" என்றார் கைடு. அதனால் 8.1ஐ விடுங்கள். உங்கள் கைக்கு என்ன வேலை தெரியும்? அதைச் சொல்லுங்கள்.

5 செப்டம்பர் 2024

வெல்ல அடுப்பா! முதலிலேயே சொல்லக் கூடாதா தங்கச்சி?

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இவருடைய கடைசி வருட புராஜெக்ட், ஊரில் சித்தப்பா வெல்லம் காய்ச்சும் அடுப்பில் வெப்பம் எங்கே வீணாகிறது என்று அளப்பது. கரும்புச் சக்கையை எரித்து, பெரிய கொப்பரையில் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். பாகு 118 டிகிரி பக்கம் வரும்போது இறக்க வேண்டும், விட்டால் கருகிவிடும். இவர் அடுப்புச் சுவரிலும் புகைபோக்கியிலும் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) வைத்து, தை மாதம் முழுக்க இராத்திரியும் உட்கார்ந்து அளந்திருக்கிறார். முதல் இரண்டு தெர்மோகப்பிள் உருகிப் போயிருக்கிறது.

எஸ்.ஓ.பி.யில் (ஏன் படிக்க விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) "சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அடுப்பிலிருந்து ஆரம்பியுங்கள். உருகிப் போன அந்த இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள். ஏன் உருகியது, மூன்றாவதை எங்கே, எப்படி வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். படிக்கிறவருக்கு வேண்டியது அதுதான்.

29 செப்டம்பர் 2024

பேராசிரியருக்கு எழுதும் மெயில் பற்றி. எட்டு வரிக்கு மேல் வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து அதில் ஒரு கேள்வி, உங்கள் அடுப்பு பற்றி மூன்று வரி, இந்த வருடம் ஆள் எடுக்கிறீர்களா என்று ஒரு வரி. "மதிப்பிற்குரிய ஐயா" என்ற பாணியில் நீளமாக வேண்டாம். ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் வாசனையிலேயே தெரிந்துவிடும்.

பதில் வராவிட்டால் இல்லை என்று அர்த்தம்.

6 அக்டோபர் 2024

மேலே எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். பழைய மெயில்களைத் தேடிப் பார்த்தேன். என் கைடுக்கு நான் அனுப்பிய முதல் மெயிலுக்குப் பதிலே வரவில்லை. பதினேழு நாள் கழித்து இரண்டாவது அனுப்பியிருக்கிறேன், அதற்குத்தான் பதில் வந்திருக்கிறது. இரண்டு முறை எழுதலாம், தப்பில்லை. மூன்றாவது வேண்டாம்.

3 நவம்பர் 2024

லோன் பற்றி நான் முதலில் எழுதியதை வில்லாபுரத்துக்காரர் ஒருவர் மறுத்திருக்கிறார். அவர் வீட்டை அடமானம் வைத்து எம்.எஸ். போனார், வேலை கிடைத்தது, நான்கு வருடத்தில் லோனை அடைத்துவிட்டார். "எல்லாருக்கும் பிஎச்.டி. சரிப்படாது, எனக்கு வேலைதான் வேண்டியிருந்தது" என்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. எம்.எஸ். போகிறவர்களைக் குறைத்துப் பேசியதுபோல என் எழுத்து இருந்திருந்தால் வருந்துகிறேன்.

ஆனால் நடைமுறையைத் தெரிந்துகொண்டு போங்கள். வங்கிகளில் பொதுவாக ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்க மாட்டார்கள், அதற்கு மேல் பெரும்பாலும் சொத்து வேண்டும். சொத்து என்றதும் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீல் ஒப்பீனியன் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். என் அத்தை மகனுக்கு மூலப்பத்திரத்தில் தாத்தா பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைச் சரிசெய்து வருவதற்குள் ஒரு செமஸ்டர் போய்விட்டது. எம்.எஸ். தான் போவதென்று முடிவானால் அட்மிஷனுக்குக் காத்திருக்காமல் இப்போதே பத்திரத்தை எடுத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

ஆராய்ச்சிதான் வேண்டும் என்று கேட்கிற தங்கச்சிக்கு என் பதில் இன்னமும் பழைய பதில்தான். லோன் போட்டவருக்கு மாதத் தவணை இருக்கும். ஆறு மாதம் வீணாகும் ஒரு சோதனையை அவரால் தாங்க முடியாது.

4 நவம்பர் 2024

"ஆறு மாதம் வீணாகும் சோதனையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று அம்மா தண்ணீர் தெளித்துப் பார்ப்பார் இல்லையா? சொய்ங் என்று சத்தம் போட்டு உடனே ஆவியானால் பதம். கல் அதிகமாகக் காய்ந்திருந்தால் தண்ணீர் ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். சுமார் 200 டிகிரிக்கு மேல் துளிக்கு அடியில் ஆவிப்படலம் ஒன்று உருவாகி, சூடு துளியைத் தொடவிடாமல் தடுக்கிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756இல் எழுதியது இது. 1934இல் ஜப்பானின் நுகியாமா, பரப்பு சூடேறச் சூடேற எவ்வளவு வெப்பம் கொதிக்கும் தண்ணீருக்குப் போகிறது என்பதை ஒரு வளைகோட்டில் வரைந்தார். அந்த வளைகோட்டில், படலம் வருவதற்குச் சற்று முன்னால் இருக்கும் உச்சியைப் பற்றியதுதான் என் பிஎச்.டி. கணினிச் சில்லு, அணு உலைத் தடி எதுவானாலும் அந்த உச்சியைத் தாண்டினால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் எரிந்துவிடும்.

சோதனையில் நான் அளக்க வேண்டியது, செம்புப் பரப்பு தண்ணீரைவிட எத்தனை டிகிரி அதிகச் சூடாக இருக்கிறது என்பது. பத்துப் பதினைந்து டிகிரிதான் வரும். 2015 மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை நாள் தவறாமல் எடுத்தேன். காலையில் தண்ணீரை இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்துக் கரைந்திருக்கும் காற்றை விரட்டிவிட்டு, பிறகு அளப்பது. வளைகோடு அழகாக வந்தது. அக்டோபரில் கட்டடத்தில் ஹீட்டரைப் போட்டார்கள். அன்றிலிருந்து எல்லாப் புள்ளியும் ஒன்றரை டிகிரி தள்ளி விழுந்தது.

மூன்று வாரம் செம்பைச் சந்தேகப்பட்டேன், தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். ஓர் இரவு லேபில் தனியாக நிற்கும்போது பின்கழுத்தில் சூடான காற்று பட்டது. தலைக்கு மேலே காற்றுத் துவாரம். அதற்கு நேர் கீழே தெர்மோகப்பிள் கம்பிகள் வந்து சேரும் டெர்மினல் பிளாக், மூடி இல்லாமல். தெர்மோகப்பிள் இரண்டு முனைக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும். கருவி இந்த முனையின் வெப்பத்தை ஓர் ஓரத்தில் இருக்கும் சென்சாரை வைத்துக் கணக்கிடுகிறது. கோடை முழுக்க ஏ.சி. காற்று அடித்து, சென்சார் ஒரு வெப்பத்திலும் என் கம்பி முனைகள் வேறு வெப்பத்திலும் இருந்திருக்கின்றன. அழகாக வந்த அந்த ஐந்து மாத வளைகோடுதான் தப்பு.

மறுநாள் கைடிடம் சொல்லப் போகும்போது கால் நடுங்கியது. முழுவதையும் கேட்டார். "மூடி போடு. மறுபடி எடு" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, சம்பளத்தை நிறுத்தவில்லை. ஃபோம் அட்டையில் ஒரு பெட்டி வெட்டி மூடினேன், மறுபடி எடுத்தேன்.

பக்கத்து லேபில் ஒரு சீன மாணவர் இருந்தார். அவருடைய கைடு மூன்றாவது வருடம் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போய்விட்டார். இவருக்குப் புதிய கைடு, புதிய தலைப்பு. ஏழாவது வருடமும் அங்கேதான் இருந்தார். லேபை விட்டு வெளியே போகவும் முடியாது, முழுநேரப் பதிவு இல்லாமல் போனால் எஃப்-1 மாணவர் விசா தகுதி போய்விடும். வசதியான வீட்டுப் பிள்ளையானால் ஊருக்குத் திரும்பியிருப்பார். என்னைவிடக் கெட்டிக்காரர். அதனால்தான் கைடைப் பார்த்துப் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

1 டிசம்பர் 2024

எத்தனை இடம் போட்டிருக்கிறீர்கள்? எட்டு போதும். கட்டணத் தள்ளுபடி கேட்டு எழுதினால் சில துறைகள் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

8 டிசம்பர் 2024

பாஸ்போர்ட் விஷயம். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் ஆகிவிடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அடிப்பார்கள், "முதற்பெயர் தெரியாது" என்று பொருள். அப்புறம் வங்கி அட்டையிலிருந்து ஓட்டுநர் உரிமம் வரை அதுவே. என் அறைத்தோழர் திண்டுக்கல்காரர். மருத்துவமனையில் நர்ஸ் வந்து "ஃப்னூ!" என்று கூப்பிடுவார், இவர் எழுந்து போவார்.

இனிஷியலை விரித்து அப்பா பெயரை சர்நேமாகப் போட்டுப் புது பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்) வருவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

20 பிப்ரவரி 2025

இரண்டு இடத்தில் இல்லை என்று வந்ததை எழுதியிருந்தீர்கள். இந்த வருடம் நிலைமை வேறு. பிப்ரவரி 7 அன்று அங்கே என்.ஐ.எச். என்ற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு, ஆராய்ச்சிப் பணத்தோடு தரும் மறைமுகச் செலவுக்கு (கட்டடம், நிர்வாகம் போன்றவை) 15 சதவீதம்தான் என்று அறிவித்தது, அதை எதிர்த்து வழக்கும் போட்டிருக்கிறார்கள். அது மருத்துவப் பக்கத்துப் பணம்தான், ஆனாலும் பல்கலைக்கழகங்கள் பயந்துபோய்ப் பொதுவாகவே பிஎச்.டி. இடங்களைக் குறைக்கின்றன. இல்லை என்று வந்தால் உங்கள் அடுப்பில் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜெர்மனிக்கும் போடலாமா என்று கேட்டதற்கு, போடலாம். அங்கே பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் சம்பள ஊழியர். ஆனால் பொதுவாக முதுகலை முடித்திருக்க வேண்டும்.

26 மார்ச் 2025

அழைப்பு வந்துவிட்டதா! படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். ஆர்.ஏ.வோடு, அதுவும் அடுப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்ட அந்தப் பேராசிரியர் அம்மாவின் லேப்.

இன்னோர் இடத்திலிருந்தும் பதில் வர வேண்டும் என்கிறீர்கள். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல நேரம் தருவதென்று அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவசரப்படாதீர்கள். இதற்குள் அந்த லேப் மாணவர் இருவரோடும் பேசிவிடுங்கள்.

2 ஏப்ரல் 2025

மாணவரிடம் பேசியதில் "அவர் கண்டிப்பானவர், ஆனால் தப்பைச் சொன்னால் கோபப்பட மாட்டார்" என்றாராம். சரி, போங்கள்.

12 மே 2025

இன்று காலை அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் நின்றுவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், சட்டையெல்லாம் தண்ணீர் பீச்சி நனைந்திருக்கிறது.

அங்கே இருந்தபோது இதைத்தான் ரொம்பத் தேடினேன். மதுரையில் காலை ஆறு மணி என்றால் எனக்கு முதல் நாள் மாலை ஏழரை. லேபில் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு போனில் பார்ப்பேன். தங்கச்சியின் அம்மா "தனியாக இருந்து அழுவாளே" என்று கேட்கிறார்களாம். அம்மாவிடம் சொல்லுங்கள், அழுகை வரும். எனக்கு முதல் குளிர்காலத்தில் வந்தது. 2014 ஜனவரியில் சிகாகோவில் மைனஸ் 27 டிகிரி போனது, எங்கள் ஊரும் அதே நிலைதான், மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் திண்டுக்கல்காரர் ரசம் வைத்தார். அப்படி ஓர் ஆள் கிடைத்துவிடுவார்.

28 மே 2025

விசா நேர்காணலுக்குப் புதிய தேதி கொடுப்பதை நேற்று நிறுத்திவிட்டார்கள். நீங்கள் இன்னும் தேதி எடுக்கவில்லை என்பது தெரியும். இராத்திரி தூங்காமல் தளத்தையே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், காலையிலும் மாலையிலும் பார்த்தால் போதும். பேராசிரியருக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள், தாமதமானால் ஜனவரியில் சேரலாமா என்று. கேட்டு வைப்பதில் நஷ்டம் இல்லை.

19 ஜூன் 2025

விசா நேர்காணல் தேதிகளை மறுபடி திறந்துவிட்டார்கள். ஒரு புது விதி. எஃப் விசா கேட்பவர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு டி.எஸ்-160 விசா விண்ணப்பத்தில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சென்னைக்கு ஒரு நாள் முன்னாலேயே போய்விடுங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி நேரே தூதரக வரிசைக்கு ஓட வேண்டாம். ஆராய்ச்சி என்ன என்று கேட்டால் "வெல்லம் காய்ச்சும் அடுப்பு" என்று ஆரம்பித்து மூன்று வாக்கியத்தில் முடியுங்கள்.

3 ஆகஸ்ட் 2025

விசா வந்த செய்தியைப் பார்த்தேன், ரொம்பச் சந்தோஷம். பெட்டியில் சின்ன இரும்புத் தோசைக்கல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழகிய கல்லாக இருக்கட்டும், அங்கே போய்ப் புதுக்கல்லைப் பழக்க நேரம் இருக்காது. வருமான வரிப் படிவம் நிரப்பும்போது இந்திய மாணவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் (வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி இல்லாமல் நேரடிக் கழிவு) எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்டு மாணவர்கள் எடுக்க முடியாது என்று படித்துவிட்டு நீங்களும் விட்டுவிடாதீர்கள். நான் முதல் வருடம் விட்டேன்.

21 செப்டம்பர் 2025

தங்கச்சி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டெர்மினல் பிளாக்குக்கு ஃபோம் பெட்டி நீங்களே வெட்டியதா? மூடி நன்றாகப் பொருந்தியிருக்கிறது. வலது ஓரத்தில் கம்பிகள் நுழையும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி தெரிகிறது. ஹீட்டர் போடுவதற்குள் அதைப் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள்.